பாட்டியின் மேஜைக்குப் பாலிஷ் போடுமுன்...

உங்கள் வீட்டில் பழைய தையல் மிஷின் மேஜை ஒன்று இருக்கிறதா? அல்லது தாத்தா காலத்து ரேடியோப் பெட்டி? மூன்று கண்ணாடி வைத்த டிரெஸ்ஸிங் டேபிள்? இவற்றில் ஒன்றாவது பரணிலோ, மாடிப்படிக்கு அடியிலோ, மழைக்கோட்டும் குடையும் சுமந்துகொண்டு நிற்கக்கூடும். தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் அதைப் பற்றி ஒரு மகாநாடு நடக்கும். "ஓரமெல்லாம் தோல் உரிகிறது. தேக்குக்கூட இல்லை, வெறும் பிளைவுட்தான். போட்டுவிடலாம்" என்பார் ஒருவர். "அத்தையின் சாமான், எப்படிப் போடுவது?" என்பார் இன்னொருவர்.

இரண்டு கட்சிக்கும் ஒரு வார்த்தை. அந்த "உரிகிற தோல்" இருக்கிறதே, அதற்குப் பெயர் வெனீர். அது மட்டமான சரக்கின் அடையாளம் அல்ல. அதைத் தெரிந்துகொள்ளாமல் தூக்கி எறிவதும் நஷ்டம். தெரிந்துகொள்ளாமல் பழுது பார்க்கப் புறப்படுவது அதைவிடப் பெரிய நஷ்டம்.

பட்டும் உள்துணியும்

வெனீர் என்பது மெல்லிய மரத் தகடு. அழகிய ரேகைகள் உள்ள உயர்ந்த மரத்தை ஏடு ஏடாகச் சீவி, அதைவிடச் சாதாரணமான மரத்தின்மேல் பசையால் ஒட்டிவிடுவார்கள். பட்டு ரவிக்கைக்குள் பருத்தித் துணி வைத்துத் தைக்கிறோம் அல்லவா? பருத்தி இருப்பதால் பட்டு பொய்யாகிவிடுமா? ரவிக்கை உருக்குலையாமல் நிற்பதே அந்த உள்துணியால்தான்.

மரத்திலும் அதே கதைதான். மழைக்காலத்தில் மரம் ஈரத்தைக் குடித்து வீங்கும்; கோடையில் சுருங்கும். இந்த வீக்கமும் சுருக்கமும் ரேகைக்குக் குறுக்கேதான் அதிகம். ரேகையின் நீளவாக்கில் மிகமிகச் சொற்பம். அதனால்தான் அகலமான ஒற்றைப் பலகை நாளடைவில் வளைகிறது, வெடிக்கிறது. ஒரு தகட்டின்மேல் இன்னொரு தகட்டைக் குறுக்காக வைத்து ஒட்டினால், ஒன்றை ஒன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பலகை சமமாக நிற்கும். ஆகவே வெனீர் வேலை சிக்கனத்துக்காக மட்டும் வந்ததல்ல. மரத்தின் சுபாவத்தை அறிந்த தச்சர்கள் கண்ட யுக்தி அது.

யுக்தியும் நேற்று வந்ததல்ல. 1922-இல் எகிப்தில் துட்டன்காமன் என்ற இளம் அரசனின் கல்லறையைக் கண்டுபிடித்தார்கள். மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அங்கே மூடிக்கிடந்த சாமான்களில், கருங்காலியும் தந்தமும் தகடாக ஒட்டிய பெட்டிகள் இருந்தன. மன்னனின் கல்லறைக்கே தகுந்த வேலை, நம் கூடத்துக்குத் தகாதா?

மேஜைக்கு ஒரு சரித்திரம்

நம் குடும்பங்களில் கைமாறி வந்த வெனீர்ச் சாமான்களில் முதலிடம் தையல் மிஷின் மேஜைக்கே. ஸிங்கர் கம்பெனி, மேஜையும் பெட்டியும் செய்வதற்கென்றே 1868-இல் அமெரிக்காவில், இண்டியானா மாநிலத்து ஸௌத் பெண்ட் நகரில் தனியாக ஒரு தொழிற்சாலை வைத்தது. சுற்று வட்டாரத்தில் வால்நட் போன்ற நல்ல மரங்கள் கிடைத்ததுதான் காரணம். நம் நாட்டுக்கு மிஷின்கள் ஏராளமாக வந்தது ஸ்காட்லாந்திலுள்ள கிளைடுபாங்கிலிருந்து. 1880-களில் எழுந்த அந்தப் பிரம்மாண்டமான தொழிற்சாலை 1980-இல் மூடப்பட்டது.

யந்திரங்களை அவ்வளவாக விரும்பாத காந்திஜிகூட இந்த ஒரு யந்திரத்துக்கு விலக்குக் கொடுத்தார். 1924-இல் "யங் இந்தியா"வில் வெளியான ஓர் உரையாடலில் அவர் சொன்ன காரணம் சுவையானது: மனைவி கையால் தைத்துத் தைத்துக் களைத்துப் போவதைப் பார்த்து, அவள்மீதுள்ள அன்பினால் ஸிங்கர் இதைச் செய்தார் என்பதுதான் அது.

அந்த அன்பு நம் ஊரில் எத்தனை வீட்டு அடுப்பை எரியவைத்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். கணவரை இழந்தவர்களும், கணவரின் சம்பளம் போதாதவர்களும், அந்த மேஜையின் முன்னால் உட்கார்ந்து, ரவிக்கையும் பாவாடையும் தைத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டினார்கள். மேஜையின் வலது ஓரத்தில் மெருகு தேய்ந்து மங்கியிருந்தால், அது பழுது அல்ல. ஒரு கை பல வருஷம் அங்கே இருந்ததற்குச் சாட்சி.

மிஷினின் வயதை அறிய, அடித்தட்டில் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். ஸிங்கர் மிஷினில் எண்ணுக்கு முன்னால் ஆங்கில எழுத்து இருந்தால், அது 1900-க்கு முன் செய்ததல்ல. ஆனால் மிஷினின் வயதும் மேஜையின் வயதும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. கையால் சுற்றும் மிஷினை வாங்கி, பிறகு உள்ளூர் ஆசாரியிடம் மேஜை செய்துகொண்டவர்களும் உண்டு. மேஜைக்குத் தனியாகச் சாட்சி தேட வேண்டும்.

ரேடியோப் பெட்டியும் லேசுப்பட்டதல்ல. இங்கிலாந்தில் மர்பி ரேடியோவின் பெட்டிகளை 1930-களில் வரைந்து கொடுத்தவர் ஆர். டி. ரஸ்ஸல் என்ற பெயர்பெற்ற மரச்சாமான் கலைஞர். வளைந்த மூலைகளும் தேன் நிற ரேகைகளும் கொண்ட பழைய பெட்டிகள் பல, வளைத்த பிளைவுட்டின்மேல் வெனீர் ஒட்டியவையே. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: பல வருஷம் சும்மா கிடந்த ரேடியோவை, "பாடுகிறதா, பார்க்கலாம்" என்று பிளக்கில் சொருகாதீர்கள். உள்ளே உள்ள பாகங்கள் கெட்டிருக்கும். விஷயம் தெரிந்தவர் திறந்து பார்த்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

கண்டுபிடிப்பது எப்படி?

உங்கள் சாமான் முழு மரமா, வெனீரா, அல்லது மரம்போல அச்சடித்த மேல்தாளா? ஒரு டார்ச் விளக்கும் பத்து நிமிஷமும் போதும்.

முதலில் விளிம்பைப் பாருங்கள். முழு மரமானால், மேற்பலகையின் ரேகைகள் ஓரத்தில் மடங்கி இறங்கி, பக்கவாட்டில் தொடரும். வெட்டுவாயில் மரத்தின் வளையங்கள் புள்ளியும் வளைவுமாகத் தெரியும். வெனீரானால், விளிம்பில் நகத்தின் கனத்தில் ஒரு கோடு ஓடும். அதற்குக் கீழே வேறு நிறம், வேறு மரம்.

இரண்டாவதாக, ரேகைகளின் ஜோடிப் பொருத்தத்தைப் பாருங்கள். அலமாரிக் கதவுகள் இரண்டிலும், புத்தகத்தை விரித்து வைத்ததுபோல் இடமும் வலமும் ஒரே சித்திரம் கண்ணாடிப் பிரதிபிம்பமாக இருக்கிறதா? ஒரே கட்டையிலிருந்து அடுத்தடுத்துச் சீவிய ஏடுகளை விரித்து ஒட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ரவிக்கையில் முன்பக்கம் இரண்டிலும் பூ சமமாக விழும்படி வெட்டுகிற தையற்காரியின் கைத்திறன்தான் இங்கேயும்.

மூன்றாவதாக, இழுப்பறையை வெளியே எடுங்கள். அடிப்பலகையும் உள்பக்கமும் உண்மை பேசும். அங்கே யாரும் அலங்காரம் செய்வதில்லை. மூலையில் பலகைகள் புறாவால்போல் விரிந்த பற்களால் கோத்திருக்கின்றனவா? பற்கள் சற்றே ஏறுமாறாக இருந்தால் கைவேலை. அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவாக இருந்தால் மிஷின் வேலை.

நான்காவதாக, விரல் நுனியால் தட்டுங்கள். மற்ற இடங்களில் கெட்டியாக ஒலிக்கும் பலகை ஓரிடத்தில் மட்டும் "பொத்" என்று கேட்டால், அங்கே வெனீர் பசைவிட்டு எழும்பியிருக்கிறது.

கடைசியாக, ரேகைகளை உற்றுப் பாருங்கள். மரத்தின் ரேகை ஓரிடத்தில் இருப்பதுபோல் இன்னோரிடத்தில் இராது; அருகே பார்த்தால் நுண்ணிய துவாரங்கள் தெரியும். அதே முடிச்சு, அதே சுழி, முழத்துக்கு ஒரு தரம் திரும்பத் திரும்ப வந்தால் அது அச்சடித்தது. அதற்கு இந்தக் கட்டுரையின் வைத்தியம் வேண்டியதில்லை.

உப்புத்தாள் என்னும் சத்துரு

இனிதான் முக்கியமான விஷயம். பழைய மேஜை மங்கிவிட்டது என்றதும் நமக்கு முதலில் தோன்றுவது, "உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புதுப் பாலிஷ் அடித்துவிடலாம்" என்பது. முழுத் தேக்கு நாற்காலிக்கு அது சரி. வெனீருக்கு அது மரண தண்டனை.

கணக்கைக் கேளுங்கள். ரம்பத்தால் அறுத்த மிகப் பழைய வெனீர் ஒன்றரை மில்லிமீட்டரோ, அதற்கு மேலோ இருக்கும். கத்தியால் சீவிய பிற்கால வெனீர் பல சாமான்களில் சுமார் 0.6 மில்லிமீட்டர்தான். ஏற்கெனவே ஒரு தடவை தேய்த்திருந்தால் அதுவும் குறைந்திருக்கும். இந்தக் காலத்து மின்சாரத் தேய்ப்பு மிஷின் அதைத் தாண்டிப் போகச் சில விநாடிகள் போதும்.

திருவல்லிக்கேணியில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இதுதான் நடந்தது. வீட்டுப் பெரியம்மா முப்பது வருஷம் தைத்துச் சம்பாதித்த மேஜை அது. அவர் காலமான பிறகு, பேரன் அதைத் தன் புது வீட்டுக்கு எடுத்துப்போனான். கல்யாணத்துக்கு முன் பளபளப்பாக்கவேண்டும் என்று ஆசை. ஆசையில் குற்றமில்லை. அவசரமாக வந்த ஆளும் மிஷினை வைத்துத் தேய்த்தார். நடுவில் வெளுப்பாக ஒரு தீவு தெரிந்தது. அதைச் சமப்படுத்தச் சுற்றிலும் தேய்த்தார், தீவு தேசமாயிற்று. மேலே இருந்த வால்நட் ரேகைகள் தூளாகத் தரையில் கிடந்தன. பிறகு வந்து பார்த்த வயதான ஆசாரி, "இல்லாத மரத்துக்கு மெருகு ஏற்ற முடியாது, தம்பி. வர்ணம்தான் அடிக்க முடியும்" என்று சொல்லிவிட்டார். நல்ல வேளையாக, இழுப்பறைகள் மட்டும் பரணிலே தங்கிவிட்டன. பேத்தி அவற்றைக் கொண்டுபோய், நூல்கண்டும் ஊசியும் போட்டு வைத்திருக்கிறாள். மேஜையின் பழைய நிறம் என்னவென்று இன்று அந்தக் குடும்பத்துக்குச் சொல்ல, அந்த இழுப்பறைகளைத் தவிர வேறொன்றும் இல்லை.

ஆகவே, உப்புத்தாளை எடுக்குமுன் மெருகு எதுவென்று பாருங்கள். பழைய சாமான்களில் பெரும்பாலும் இருப்பது அரக்கு மெருகு. ஸ்பிரிட்டில் அரக்கைக் கரைத்துத் துணிப் பந்தால் பல தடவை தடவியது. பலாச மரத்திலும் இலந்தை மரத்திலும் வாழும் சிறு பூச்சி தரும் அரக்கு அது. சீமையில் செய்த மேஜைக்கும் அந்த அரக்கு பெரும்பாலும் நம் நாட்டிலிருந்தே போயிற்று. மேஜையின் அடியில் மறைவான இடத்தில், ஸ்பிரிட் நனைத்த பஞ்சை ஒற்றிப் பாருங்கள். சில விநாடிகளில் பிசுபிசுத்தால் அரக்கு மெருகு. அதைச் சுரண்டவேண்டிய அவசியமே இல்லை. கைதேர்ந்தவர் பழைய மெருகையே ஸ்பிரிட்டால் இளக்கிச் சமப்படுத்தி, மேலே புதிதாக இரண்டு பூச்சுக் கொடுத்துவிடுவார்.

வீட்டிலேயே செய்யக்கூடியவை

தினசரி கவனிப்புக்குப் பழைய வேஷ்டித் துணி போதும். உலர்ந்த துணியால் ரேகையின் போக்கிலேயே துடையுங்கள். அழுக்கு ஏறியிருந்தால், துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து ஒரு தடவை துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது கூடவே கூடாது. பழைய வெனீரை ஒட்டியிருப்பது பெரும்பாலும் வஜ்ஜிரம். பிராணிகளின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கிற அந்தப் பசை, ஈரத்துக்கும் சூட்டுக்கும் இளகிவிடும்.

தேங்காயெண்ணெயும் மண்ணெண்ணெயும் வேண்டாம். முன்னது நாளடைவில் சிக்குப் பிடித்துத் தூசியை இழுக்கும். பின்னது மெருகைக் கெடுக்கும், நெருப்புக்கும் பயம். வருஷத்துக்கு ஓரிரு தடவை நல்ல தேன்மெழுகுப் பாலிஷை விரல் நுனியளவு எடுத்துத் தடவி, சற்று உலர்ந்ததும் மெத்தென்ற துணியால் தேய்த்துவிட்டால் போதும்.

சூடான காப்பி டம்ளரை வைத்து வெள்ளை வளையம் விழுந்துவிட்டதா? பயப்படாதீர்கள். ஈரம் மெருகுக்குள் மட்டும் புகுந்திருக்கிறது. சில நாள் காற்றாட விட்டால் தானே மங்குவதும் உண்டு. கறுப்பு வளையமானால் ஈரம் மரத்துக்கே போய்விட்டது. அதை ஆசாரியிடம் விடுங்கள்.

சாமான் நிற்கும் இடமும் முக்கியம். ஜன்னல் வெயில் நேராக விழக்கூடாது. நிறம் வெளிறும், வெனீர் காய்ந்து வெடிக்கும். சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளி வையுங்கள். தரை கழுவும் வீடானால் கால்களுக்கு அடியில் கட்டையோ ரப்பரோ கொடுங்கள். ஏர்கண்டிஷன் காற்று நேராக அடிக்கும் இடமும் ஆகாது. ஈரமான கிராமத்து வீட்டில் ஐம்பது வருஷம் இருந்த அலமாரியைக் குளிர்சாதன அறையில் திடீரென்று வைத்தால், வறட்சியில் வெனீர் விரிசல் விடும்.

சாமானுக்கு அடியில் மாவுபோல் தூள் கொட்டுகிறதா? உளுக்கிற வண்டு உயிரோடு இருக்கிறது. மண் கோடு ஓடினால் கரையான். இரண்டுக்கும் முதல் காரியம், அந்தச் சாமானை மற்றவற்றிலிருந்து பிரித்து வைப்பது. இரண்டாவது, மருந்தடிக்கத் தெரிந்தவரை அழைப்பது. துவாரத்தில் மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

வெனீர்த் துண்டு பெயர்ந்து விழுந்தால், குப்பையில் பெருக்கித் தள்ளாதீர்கள். தோட்டிலிருந்து கல் விழுந்தால் எறிவீர்களா? ஒரு உறையில் போட்டு, "இடது கதவு, கீழ் மூலை" என்று எழுதி இழுப்பறையில் வையுங்கள். எத்தனை விலை கொடுத்தாலும் அதே ரேகையுள்ள துண்டு வேறெங்கும் கிடைக்காது.

ஓரம் மட்டும் சிறிது தூக்கியிருந்தால் நீங்களே ஒட்டலாம். மெல்லிய தூரிகையால் உள்ளே உள்ள தூசியை எடுங்கள். மெல்லிய கத்தி முனையால் பசையைச் செலுத்துங்கள். பிதுங்கியதை உடனே துடைத்து, மேலே எண்ணெய்க் காகிதம், அதன்மேல் சமமான பலகை, அதன்மேல் அம்மிக் குழவி! ஒரு நாள் முழுவதும் தொடாதீர்கள். நடுவில் கொப்புளம் எழும்பியிருந்தால், ரேகையின் போக்கிலேயே கீறி உள்ளே பசை விடவேண்டும். அதைக் கைப்பழக்கம் உள்ளவர் செய்வதே நல்லது.

வெள்ளம் புகுந்தால்

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தபோது, தண்ணீர் வடிந்த பிறகு தெருத்தெருவாக மரச்சாமான்கள் குவிந்து கிடந்ததைப் பலரும் பார்த்திருப்பீர்கள். 2023 டிசம்பரில் மீண்டும் ஒரு சோதனை. நனைந்து பிளந்த எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது என்பது உண்மைதான். ஆனால் அவசரத்தில் வெயிலில் தூக்கிப் போட்டதாலேயே பாழானவையும் உண்டு.

நனைந்த வெனீர்ச் சாமானை நிழலில், காற்றோட்டத்தில், மெள்ள உலர்த்த வேண்டும். சேற்றை நல்ல தண்ணீர் தொட்ட துணியால் ஒற்றி எடுங்கள். இழுப்பறைகளை, வலியப் பிடுங்காமல், வருமானால் வெளியே எடுங்கள். கழன்ற தகடுகளைக் காகிதத்தில் வைத்து, லேசான பாரத்தின்கீழ் தட்டையாக உலர விடுங்கள். நன்றாகக் காய வாரங்கள் ஆகும், அதுவரை ஒட்டவேண்டாம். வஜ்ஜிரத்தால் ஒட்டிய பழைய சாமானில் ஒரு சௌகரியம் உண்டு: பசை விட்டாலும் மரம் முழுசாக இருக்கும், மறுபடி ஒட்டலாம். இன்றைய மலிவுத் தூள்பலகை ஊறினால் ரொட்டிபோல் உப்பிவிடும், அதற்கு விமோசனமில்லை.

ஆசாரியிடம் கேட்கவேண்டியவை

வேலையைக் கொடுக்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். "இது வெனீர் என்று தெரியுமா? மிஷின் போட்டுத் தேய்ப்பீர்களா? எந்தப் பசை போடுவீர்கள்?" விளிம்பைக் குனிந்து பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறவர் நல்லவர். பார்க்காமலே "புதுசாக்கிவிடுகிறேன் அம்மா" என்கிறவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

வெளிநாட்டிலுள்ள பெண்ணுக்கோ பிள்ளைக்கோ அனுப்ப நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. சாமானில் தோதகத்தி, அதாவது ரோஸ்வுட் இருந்தால் முன்னதாக விசாரித்துக்கொள்ளுங்கள். அழிந்துவரும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கை, 2017 முதல் அந்த மரத்தின் இனம் முழுவதையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அனுமதிப் பத்திரம் தேவைப்படலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சாமானை உபயோகியுங்கள். பூட்டி வைத்த அலமாரி வண்டுக்கும் கரையானுக்கும்தான் சொந்தம். இழுப்பறை சிக்கினால் ஓடும் இடத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிடுங்கள்; வழுக்கிக்கொண்டு வரும்.

இன்று சாயங்காலம் வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து, "இதை யார், எப்போது, எங்கே வாங்கினார்கள்?" என்று கேளுங்கள். சொன்னதை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, உறையிலிட்டு இழுப்பறைக்குள் வையுங்கள். மேஜையில் ஒட்டவேண்டாம், பசை கறைபடும். வெனீர் பெயர்ந்தால் ஒட்டிக்கொள்ளலாம். சொல்லத் தெரிந்தவர் போய்விட்டால் அந்தக் கதையை எந்த ஆசாரியாலும் ஒட்டிக்கொடுக்க முடியாது.